காது நுனி

செத்துப்போன என் மாமியார் பகலில்தான் வருவாள். மற்ற வீடுகளில் செத்தவர்கள் ராத்திரியில் கனவில் வந்து, கல்லறைக்குக் கல் நடு, ஆடு அடித்துச் சோறு போடு, மேளம் கொட்டு என்று வாய்விட்டுக் கேட்பார்கள். கேட்டதைச் செய்துவிட்டால் போய்விடுவார்கள். கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் கரியக்கூ தீவில் இது யாருக்கும் புதிதில்லை. எஸ்தலின் மட்டும் மத்தியானம், நான் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் கண்ணசரும் நேரத்தில், வெயில் கொளுத்தும்போது வருவாள். இருட்டில் வந்தால் கறுப்பாகத் தெரிந்துவிடுவோம் என்ற பயமோ என்னவோ.

முதல் தடவை வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். நாங்கள் உடுத்திப் புதைத்த அதே நீல கவுன். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். ஒரு கையால் தன் செம்பட்டை முடியை ஒதுக்கி, மறு கையின் இரண்டு விரலால் காது நுனியைப் பிடித்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். காதை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். விழித்துப் பார்த்தால் அறைக்குள் உப்புத் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை. கொடியில் ஈரத்துணி எதுவும் இல்லை.

எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. அவளுக்கு மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள். உயிரோடு இருந்தவரைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவளுக்கு, செத்த பிறகு என் தலையணைப் பக்கம் என்ன வேலை?

என் பெயர் ஓடெல்லா. அந்த வீட்டில் நான் 'மலைக்காரி'. மலைமேல் ஊரில் பிறந்தவள், கரி மாதிரி இருப்பவள் என்று இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல். எஸ்தலினின் கோழிகளுக்குக்கூடப் பெயர் உண்டு. சாயங்காலம் அவள் கடைசி எழுத்தை நீட்டி இழுத்து ஒவ்வொன்றாகக் கூப்பிடும்போது நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் புருஷன் வீட்டார் கிழக்குக் கரைக்காரர்கள். எஸ்தலினுடைய அம்மா வழியில், ஸ்காட்லாந்திலிருந்து உளியும் வாச்சியுமாக வந்து இறங்கிய ஒரு தச்சன், இங்கே கப்பல் கட்டியிருக்கிறான். அவனுடைய உளி ஒன்று இன்றைக்கும் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவாள். அவனுக்கு எத்தனை பல் இருந்தது என்பதுவரை சொல்லுவாள். தன்னைப் பெற்ற அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. யாராவது கேட்டால், எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வெனிசுவேலா போனார், வரவில்லை என்று முடித்துவிடுவாள். எந்த ஊர்க்காரர், என்ன பெயர், எதுவும் கிடையாது.

என் மகள் மெர்ல் பிறந்தபோது எஸ்தலின் பார்க்க என் அறைக்கு வந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காதை மடக்கி நுனியைப் பார்த்தாள். பிறந்த பிள்ளை எல்லாமே வெளுப்பாகத்தான் இருக்கும். நாளைக்கு என்ன நிறத்துக்கு வரும் என்பது காது நுனியில்தான் தெரியும். இங்கே எல்லோரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்த்ததும் காதை விட்டுவிட்டு, ஏதோ பட்டுவிட்டதுபோல விரலைக் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

"மூக்கையாவது தெனமும் எண்ண தொட்டுப் புடிச்சு விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பால் சுரந்து சட்டையெல்லாம் நனைந்து நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அவளை வெறுத்தேன். அந்த வெறுப்பு இன்றைக்கும் அடியோடு போய்விட்டது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

எங்கள் மலைமேல் ஊரில் 'நீ என்ன நேஷன்?' என்று ஒருவரைக் கேட்டால், கொடியும் பாஸ்போர்ட்டும் உள்ள நாட்டைக் கேட்பதாக அர்த்தமில்லை. கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு முன்னால், ஆப்பிரிக்காவில், உன் ஆட்கள் யார் என்று கேட்பது. குரொமாந்தி, இபோ, மாண்டிங், கொங்கோ, டெம்னே என்று ஆளுக்கொன்று. அப்பா வழியில் வரும், அம்மா வழியும் இழுக்கும். செத்தவர்களுக்கான பெரிய மேளச் சடங்கில் ஒவ்வொரு நேஷனுக்கும் தனித் தாள அடி ஒன்று உண்டு. தன் அடி வரும்போது அந்த நேஷன்காரர் வட்டத்துக்குள் இறங்க வேண்டும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது தெரியும். நாங்கள் டெம்னே. எங்கள் பக்கத்தில் டெம்னே என்று சொல்லிக்கொள்ள எங்கள் ஒரு குடும்பம்தான் மிச்சம். என் அண்ணன் ஆல்வின் நடு மேளம் வாசிப்பவன்.

எஸ்தலினுக்கு மேளச் சத்தமே ஆகாது. மலைப் பக்கமிருந்து கேட்டால் போதும், வெந்து புழுங்கினாலும் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவாள். எங்களுக்கு நேஷன் கிடையாது, அதெல்லாம் எந்த வழியில் வந்தோம் என்று தெரியாதவர்களுக்கு என்பாள். ஒருநாள் இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தினால் மேளம் கேட்காமல் போய்விடுமா? ஒவ்வொரு அடியாக மாறி மாறி வந்தது. டெம்னே வந்தபோது மேஜைக்கு அடியில் டொக் டொக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். அவளுடைய வலது குதிகால். அடி மாறியதும் நின்றுவிட்டது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். முழங்காலைக் கையால் அமுக்கிக்கொண்டு எழுந்து போனாள். எங்கள் அடி கல்லையும் ஆட்டும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டு மிச்சத் துவரையை உரித்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

அவள் செத்துச் சில வருஷம் ஆகிவிட்டது. என் புருஷன் கார்னெட் தன் சொந்தக் கப்பலைக் கட்டி முடித்தான். இத்தனை நாளும் அடுத்தவனுக்கே கட்டிக்கொண்டிருந்தவன். எங்களிடம் இருந்ததெல்லாம் அந்தக் கப்பலுக்குள் போயிருந்தது. கடன் வாங்கிய பாய்மரத்துணிகூட வந்து கிடந்தது. முகப்பில் அம்மா பெயரை அவனே வெள்ளைப் பெயின்டில் எழுதினான். எஸ்தலின்.

கப்பலைக் கடலில் இறக்கும் நாளில் ஊரே கரையில் நின்றது. பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் முகப்பில் ஓர் ஆடு, பின்னால் ஒரு சேவல் வெட்டினோம். நாங்கள் எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்வதில்லை. முட்டுக்கட்டைகளைக் கோடரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். கப்பல் முனகிக்கொண்டு உருளைகள்மேல் ஒருக்களித்துச் சாய்ந்தது. கடலுக்குள் போட்ட நங்கூரத்தில் கயிற்றைக் கட்டி, ஆணும் பெண்ணுமாகப் பாடிக்கொண்டு இழுத்தோம். நகரவில்லை. உருளையை மாற்றி, கொழுப்புத் தடவி, மறுபடி இழுத்தோம். கயிறு அறுந்து ஆட்கள் குப்புற விழுந்தார்கள். அலை கப்பலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்தத் தூரத்தைத் தாண்ட மாட்டேன் என்று கப்பல் அடம்பிடித்தது.

சாயங்காலம் யாரும் சிரிக்காமல் சோற்றைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். தண்ணீரில் இறங்காத கப்பல் வெயிலில் கிடந்தால் பலகை காய்ந்து விரியும், இடுக்கு வாய்திறக்கும். பிறகு அது விறகுதான். கார்னெட் அதன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தான். உருளையில்தான் கோளாறு என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டான்.

மேளத்துக்கு முன்பாட்டுப் பாடும் பெர்நெட்டாக்கா என்னைத் தனியே இழுத்தாள். கிழவி யாருடைய கனவிலாவது வருகிறாளா என்று கேட்டாள். என்னிடம்தான் என்றேன். எப்படி வருகிறாள் என்றாள். நனைந்து வருகிறாள் என்றேன். காதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழவி என் பிள்ளையின் காதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே.

பெர்நெட்டாக்கா உதட்டைப் பிதுக்கினாள். "ஈரமா வர்றவ இன்னும் கரையேறலடி. அவ ஏறாம, அவ பேரு போட்டது எறங்குமா?"

இதற்குள் எஸ்தலின் கிட்டே வந்துகொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டியருகே ஒருநாள். படிக்கட்டில் ஒருநாள். எப்போதும் அதே மாதிரி, காதைப் பிடித்தபடி. ஒரு மத்தியானம் எனக்குத் தூக்கமே வரவில்லை, மாவு சலித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கூழாங்கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்த மெர்ல் உள்ளே வந்தாள்.

"அம்மா, அந்த நனஞ்ச பாட்டி ஏன் காதப் புடிச்சிக்கிட்டே நிக்குது?"

சல்லடை கையிலிருந்து விழுந்தது. வாசலுக்கு ஓடினேன். யாருமில்லை. படியில் ஒரு கையகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மெர்ல் பிறந்தபோது அவள் பாட்டி அவளைத் தூக்கக்கூட இல்லை. இப்போது என்ன உரிமையில் என் பிள்ளையின் கண்ணில் படுகிறாள்? அன்றைக்கே கார்னெட்டிடம் சொல்லிவிட்டேன்: கல் நட்டு, சோறு போட்டு, மேளம் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவேன்.

கார்னெட் மறுக்கவில்லை. அவன் தங்கை லியோனாதான் குதித்தாள். அம்மாவின் வெளுப்பும் அம்மாவின் நாக்கும் அப்படியே அவளுக்குத்தான். பக்கத்துப் பெரிய தீவான கிரெனடாவில் துணிக்கடை வைத்திருக்கும் வெளுத்த புருஷன். ரொம்ப வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகி, வயிறும் தானுமாக அம்மா வீட்டில் வந்து இருந்தாள். அவளும் என்னை மலைக்காரி என்றுதான் கூப்பிடுவாள். கல் நடட்டும், விருந்து வைக்கட்டும், ஆனால் நேஷன் அடி ஒன்றும் கூடாது என்றாள். ஆரம்பத்தில் முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்கும் குரொமாந்திப் பாட்டை விட முடியாதென்றால் அது ஒன்று. பிறகு எல்லோரும் ஆடுகிற சாதாரண அடிகள் போதும். ஸ்காட்லாந்துக்காரர் வழியில் வந்தவளுக்கு ஆப்பிரிக்க அடி அடித்து ஊர் சிரிக்கவா என்று கேட்டாள். ஆல்வின் அதைக் கேட்டுவிட்டு, செத்தவளைக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்கவைக்கும் விருந்து இதுதான் என்று முணுமுணுத்தான். ஆனாலும் எனக்காக ஒப்புக்கொண்டான்.

காலையில் கல்லறையில் கல் நட்டோம். மத்தியானத்துக்குள் ஆட்டுக்கறி, உருட்டிய சோளக்களி, துவரைச் சோறு எல்லாம் இறக்கியாயிற்று. உள்ளறையில் வெள்ளைத்துணி விரித்த மேஜையில் செத்தவர்களுக்கான தட்டை வைத்தோம். உப்புப் போடாத சோறு, ஒரு கிளாஸ் ரம், ஒரு மெழுகுவத்தி. விருந்து முடியும்வரை அந்தத் தட்டை யாரும் தொடக்கூடாது.

முற்றத்தில் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தது. மேளங்கள் வெயிலில் விறைத்துக் கணீரென்று இருந்தன. பெர்நெட்டாக்கா மன்னிப்புப் பாட்டை எடுத்தாள். அந்தப் பாட்டுக்கு வீட்டார் மண்டியிட வேண்டும். கார்னெட் மண்டியிட்டான். அவன் பின்னந்தலையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. லியோனா, டாக்டர் குனியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று வாசல் திண்டில் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலில் குதி உயர்ந்த வெள்ளைச் செருப்பு. பிறகு தண்ணீரும் ரம்மும் ஊற்றி மண்ணை நனைத்தோம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மேளம் மட்டும் அடிக்கும். உயிரோடு இருப்பவர்கள் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்த வெற்று வட்டம் அவர்களுக்கானது. பார்த்தால் வெறும் மண்தான். ஆனால் வந்துவிட்டார்கள் என்றால் எல்லோருக்கும் தெரியும். மேளத்தின் குரல் மாறும், ரோமம் சிலிர்க்கும்.

அன்றைக்கு யாரும் வரவில்லை. நல்ல வெயிலிலேயே மேளத்தோல் தொய்ந்துபோனது. ஆல்வின் தணலில் காட்டிச் சூடேற்றி அடித்தான். பலகையைத் தட்டுவதுபோல் ஒலித்தது. சாதாரண அடிகள் ஆரம்பித்தன. இரண்டு பேர் கடனுக்கு ஆடிவிட்டு ஒதுங்கினார்கள். உள்ளறையில் மெழுகுவத்தி அணைந்துவிட்டது என்றார்கள். ஏற்றினோம். மறுபடி அணைந்தது. காற்றில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மெர்ல் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"பாட்டி கயித்துக்கு வெளியேவே நிக்குதும்மா. உள்ள வரத் தெரியல அதுக்கு."

அவள் காட்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த உப்பு வாடை வந்தது. அப்போதுதான் மேஜைக்கு அடியில் தட்டிய குதிகால் என் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் அடி கல்லை ஆட்டவில்லை. எங்கள் அடி எங்கள் ஆளை ஆட்டியிருக்கிறது. வெனிசுவேலா போன அந்தப் பெயரில்லாத அப்பன், போவதற்கு முன்னால் மகளை மடியில் வைத்துக் காலால் தாளம் தட்டியிருப்பான். அதைத்தான் அவள் காலமெல்லாம் முழங்காலை அமுக்கி அமுக்கி வைத்திருந்திருக்கிறாள். என்னைக் கரி என்றவளும் நானும் ஒரே ஆட்கள். ஒரே கப்பலின் அடியில் சங்கிலியில் கிடந்தவர்களின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படியென்றால் என் மகளின் காதில் அவள் எதைப் பார்த்துப் பயந்தாள்? தன்னைத்தானே பார்த்து, அதற்கா என் பிள்ளையைத் தொட்ட விரலைத் துடைத்தாள்? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் கயிற்றுக்கு வெளியே நனைந்தபடியே நிற்பாள், நான் அந்த வீட்டில் நின்றதுபோல. நிற்கட்டுமே என்று ஒரு நிமிஷம் மனப்பூர்வமாக நினைத்தேன். பிறகு மணலில் சாய்ந்து கிடக்கும் கப்பல் கண்ணில் பட்டது. மெர்லின் கை என் பாவாடையில் இருந்தது.

ஆல்வினிடம் போனேன். "டெம்னே அடிண்ணே."

"நம்மளதா? இது அவங்க வீட்டு விசேஷம் ஓடெ."

"அடி. அவளுக்கும் அதுதான்."

நாற்காலியிலிருந்து லியோனாவின் குரல் வந்தது. என்ன பேசி வைத்தோம், இந்த மலைக்காரி யார் அம்மாவுக்கு நேஷன் வைக்க என்று அண்ணனிடம் கேட்டாள். ஊரே கார்னெட்டைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு கரையைப் பார்த்தான்.

"அடிக்கட்டும்" என்றான்.

ஆல்வின் மேளத்தின் மேல் இழுத்துக் கட்டிய நூலை விரலால் ஒருமுறை சுண்டிவிட்டு அடித்தான். முதல் அடியிலேயே தோல் கணீரென்று பேசியது. பெர்நெட்டாக்கா கண்ணை மூடிக்கொண்டு குரலெடுத்தாள். நான் செருப்பை உதறிவிட்டுப் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உள்ளே வேறு யாரும் இல்லை, நான் ஒருத்திதான். அவளுக்காக ஆடவில்லை, என் அப்பாவுக்காக ஆடினேன். வேண்டுமென்றால் வரட்டும் என்று ஆடினேன். வருவதாக இருந்தால் முதலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் சொன்னேன்.

டொக் டொக்கென்று ஒரு சத்தம் மேளத்துக்குள் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் லியோனா. அவள் வலது குதிகால் திண்டைத் தட்டிக்கொண்டிருந்தது. முழங்காலை ஒரு கையால் அமுக்கினாள். பிறகு இரண்டு கையாலும் அமுக்கினாள். கால் நிற்கவில்லை. ஊர் முழுக்க அந்தக் காலைத்தான் பார்த்தது. அவள் முகத்தில் கோபம் இருந்தது, அழுகை இருந்தது. திடீரென்று இரண்டும் போய் முகம் வெறுமையாகிவிட்டது. எழுந்தாள். அந்த வெள்ளைச் செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். எஸ்தலின் அப்படித்தான் வைப்பாள். வயிற்றைத் தாங்கியபடி கயிற்றைத் தாண்டி வந்து நின்றாள்.

என் கையைப் பிடித்தாள். அந்த வெயிலில் அவள் கை சில்லென்று, ஈரமாக இருந்தது.

"ஓடெல்லா..."

கடைசி எழுத்தை நீட்டி இழுத்த குரல். கோழியைக் கூப்பிடும் அதே குரல். ஆல்வினின் கை ஒரு கணம் தப்பி மறுபடி சேர்ந்தது. லியோனா மறு கையால் தன் செம்பட்டை முடியை ஒதுக்கினாள். இரண்டு விரலால் காது நுனியைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கனவில் வந்த அந்தக் காதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. வெளுத்த காதின் விளிம்பில், முடி மறைக்கும் இடத்தில், என் மகளின் காதில் இருந்த அதே கறுப்பு.

நான் அழுதேன். என்னவென்று சொல்லி அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காதைப் பிடித்திருந்த அவள் விரலை எடுத்துவிட்டேன். "போதும், வா" என்றேன். இருவரும் ஒரு சுற்று ஆடினோம். உள்ளறையிலிருந்து யாரோ மெழுகுவத்தி நின்று எரிவதாகக் கத்தினார்கள்.

மேளம் நின்றதும் லியோனாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, எல்லோரும் ஏன் தன்னையே வெறிக்கிறார்கள் என்று கேட்டாள். கார்னெட் சொன்னான்.

"நானா? நான் எந்திரிக்கவே இல்லையே" என்றாள். அவள் கால் விரலிடுக்கெல்லாம் சேறாக இருந்தது. அதைப் பார்த்தாள். குனிய முடியாதவள், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெர்நெட்டாக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள், விட்டுவிடு என்று. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கப்பல், இழுக்கிறவர்கள் கால் ஊன்றுவதற்கு முன்பே வழுக்கிக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. புது உருளை போட்டதால்தான் என்று கார்னெட் இன்றைக்கும் சொல்கிறான். சொல்லிக்கொள்ளட்டும். முகப்பில் அம்மா பெயரோடு அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் தேம்பியதை நான் பார்த்தேன். லியோனா கரையில் செருப்போடு நின்றாள். ஏ மலைக்காரி, அந்தக் குடையை எடு என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

எஸ்தலின் அதற்குப் பிறகு வரவில்லை. மத்தியானத் தூக்கம் நல்ல தூக்கமாகிவிட்டது. ஆனால் படியைத் தாண்டும்போது ஈரம் இருக்கிறதா என்று இப்போதும் பார்த்துத்தான் கால் வைக்கிறேன்.

லியோனாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. புருஷன் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நான் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. பிள்ளை தொட்டிலில் தூங்கியது. அந்தப் புழுக்கத்தில் அதற்குக் கம்பளித் தொப்பி, இரண்டு காதும் மூட இழுத்துவிட்டு, நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. நான் நாடாவில் கை வைத்தேன்.

"ஓடெல்லா" என்றாள் கட்டிலிலிருந்து. அவளுடைய குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. "வேணாம். எடுக்காத."

நாடாவை அவிழ்த்தேன். தொப்பியை மெல்லக் கழற்றினேன். வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அன்றைக்கு அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுபோல.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

எத்தனையோ வருஷமாக இந்த இடத்துக்காகவே சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் என்னிடம் இருந்தன. அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"உங்க அம்மா தெரியுறா" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். மலைப் பக்கம் யார் வீட்டிலோ மேளத்தைச் சூடேற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாத்தச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போர்வைக்கு அடியில் அவள் குதிகால் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் முழங்காலை அமுக்கவில்லை.